அம்மாவின் அடுப்படிக்கு ஒரு விளக்கு



கட்டுரைப் பயிற்சி, செய்யுள் விளக்கம், மாணவர் எழுத்தில் காணும் ஒற்றுப்பிழைகள் என்று எழுதிவரும் இந்தப் பக்கத்தில் இன்று ஒரு மின்விளக்கின் கதையைச் சொல்லப் போகிறேன். எங்கள் வீட்டுச் சமையலறைக்கு விளக்கு மாற்ற வேண்டியிருந்தது. அதற்காக ஏறக்குறைய ஒரு மாதம் படித்தும் கேட்டும் அளந்தும் அறிந்தவற்றை எழுதி வைத்தால் யாருக்கேனும் பயன்படும் என்று தோன்றியது. பாட அட்டவணைப்படி சொல்வதென்றால் இதில் அறிவியல், கணிதம், நன்னெறிக் கல்வி மூன்றும் கலந்திருக்கின்றன.

இருட்டில் தொடங்கும் சமையல்

நாங்கள் குடியிருப்பது லேடாங் மலையின் அடிவாரத்தில் உள்ள தங்காக் பட்டணம். வீடு ஒற்றை மாடி வரிசை வீடு. நம் நாட்டில் இத்தகைய வீடுகளை வாங்குவோர் பலரும் செய்வதுபோல், எங்களுக்கு முன் இங்கு இருந்தவர்களும் பின்புறத்தை நீட்டிக் கூரை போட்டிருந்தார்கள். அதனால் இடம் கிடைத்தது. ஆனால் முன்பு வெளியைப் பார்த்திருந்த சன்னல் வீட்டுக்குள்ளேயே அகப்பட்டுக்கொண்டது. 1,276 மீட்டர் உயரமுள்ள அந்த மலைப்பக்கம் மேகம் கறுத்தால் பிற்பகல் மூன்று மணிக்கே எங்கள் சமையலறைக்கு விளக்கு வேண்டும்.

காலைப் பொழுதின் நிலை வேறு. 1982-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரைமணி நேரம் முன்னோக்கி நகர்த்தப்பட்டன. சபா, சரவாக் மாநிலங்களோடு ஒரே நேரத்தைக் கடைப்பிடிப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அன்றுமுதல் இப்பகுதியில் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் எழுகிறது. ஏழரை மணிக்குள் பள்ளியில் இருக்க வேண்டிய ஆசிரியர் வீட்டில், பிள்ளைகள் படிக்கும் வீட்டில், காலைச் சமையல் முழுவதும் விளக்கு வெளிச்சத்திலேயே நடந்து முடிகிறது. விடிந்தபின் அடுப்பில் வேலை இருப்பதில்லை.

எங்கள் வீட்டில் அந்த வேலை அம்மாவுடையது. அவருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. திருமணமாவதற்கு முன்பிருந்தே தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நெற்றியில் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டோடு நிரைக்குப் போவதற்கு முன்னால், மண்ணெண்ணெய் விளக்கை அடுப்புத் திண்டில் வைத்து எங்கள் அனைவருக்கும் சமைத்து முடித்துவிடுவார். தோட்டத்து மின்பொறி மாலையில் சில மணி நேரம் மட்டுமே ஓடும். விடியற்காலைக்கு மின்சாரம் கிடையாது. அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. நான்கரை மணிக்கெல்லாம் எழுந்து குசினிக்குள் போய்விடுகிறார்.

சென்ற ஆண்டு அம்மாவின் இரு கண்களிலும் புரை இருப்பதாக மருத்துவர் சொன்னார். வலக்கண்ணுக்கு அறுவை செய்தாகிவிட்டது. இடக்கண் வரிசையில் காத்திருக்கிறது. இதற்கிடையில் ஒருநாள் வெங்காயம் நறுக்கும்போது விரலையும் சேர்த்து நறுக்கிவிட்டார். இன்னொரு நாள் குழம்பில் மீன் செதில் கிடந்தது. செய்தியறிந்து ஷா ஆலாமிலிருந்து தங்கை அழைத்தாள். "அண்ணே, அம்மாவை இனிமே அடுப்புப் பக்கம் விடாதீங்க" என்றாள். அக்கறையில்தான் சொன்னாள். என் துணைவியாரும் நானும் முறைபோட்டுச் சமைத்துக்கொள்ள முடியும். ஆனால் அடுப்பை விட்டு எழுப்பிவிட்டால் அம்மா அந்த நான்கரை மணிக்கு எழுந்து எங்கே போய் உட்காருவார்? அந்தக் கேள்விக்கு எங்கள் மூவரிடமும் விடை இல்லை. ஆகவே, அம்மாவை மாற்றுவதற்கு முன் விளக்கை மாற்றிப் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

வெளிச்சம் எங்கே விழுகிறது?

சமையலறை நடுக்கூரையில் நான்கடி ஒளிர்குழல் ஒன்று இருந்தது. அறைக்குள் நுழைந்தால் இருட்டு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் நறுக்கும் திண்டு சுவரோரம் இருக்கிறது. அங்கே நிற்பவர் விளக்குக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும். அவருடைய நிழல் அவர் கைமேலேயே விழும். கத்தி, விரல், வெங்காயம் மூன்றும் அந்த நிழலுக்குள் இருந்தன.

கைப்பேசியில் ஒளியளவு காட்டும் செயலியை இறக்கி அளந்து பார்த்தேன். ஆய்வகக் கருவி போல் அது துல்லியமானதன்று. ஆயினும் ஓரிடத்தை மற்றோர் இடத்தோடு ஒப்பிடப் போதும். ஒளி ஒரு பரப்பின்மீது விழும் அளவை லக்ஸ் என்னும் அலகால் குறிப்பார்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமன் ஒளி விழுந்தால் அது ஒரு லக்ஸ். நறுக்குதல், ஆய்தல் போன்ற வேலைகளுக்கு 300 முதல் 500 லக்ஸ் வரை இருப்பது நல்லது என்பது பொதுவான பரிந்துரை. அம்மா நின்றிருந்தபோது நறுக்கும் பலகையின்மேல் 80 லக்ஸ்தான் காட்டியது.

இங்கே வயதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். முதுமையில் கண்ணின் பாவை சுருங்குகிறது. கண்வில்லை மஞ்சளித்து மங்குகிறது. இருபது வயதுக் கண்ணின் விழித்திரையை அடையும் ஒளியில் மூன்றில் ஒரு பங்களவே அறுபது வயதுக் கண்ணில் விழித்திரைக்குச் சேர்கிறது என்பார்கள். பேரப்பிள்ளைக்குப் போதுமான விளக்கு பாட்டிக்குப் போதாமல் போவது இதனால்தான். ஆகவே இன்னும் பெரிய விளக்காக வாங்கி மாட்டிவிடலாம் என்றால், அதற்கும் தடை இருக்கிறது. புரையுள்ள கண்ணுக்குள் ஒளி சிதறுகிறது. நேராகக் கண்ணில் படும் வெளிச்சம் கூசுகிறது. பக்கத்து வீட்டில் புதிதாக மாட்டியிருந்த வெண்ணிற விளக்கின் கீழ் நின்றுவிட்டு வந்த அம்மா, "கண்ணு கூசுதுய்யா. நம்ம வீட்டு வெளிச்சமே போதும். தோட்டத்துல இதுகூட இல்ல" என்றார்.

ஆக, எங்களுக்கு வேண்டியவை மூன்று. திண்டின்மேல் மிகுதியான ஒளி வேண்டும். அந்த ஒளி கண்ணில் படாமல் மறைந்திருக்க வேண்டும். கண்ணின் அன்றைய நிலைக்கு ஏற்ப அதைக் கூட்டவும் குறைக்கவும் முடிய வேண்டும்.

வாட் அன்று, லூமன்

கடைக்குப் போனால் நாம் இன்னும் "எத்தனை வாட்?" என்றுதான் கேட்கிறோம். குண்டு விளக்குக் காலத்துப் பழக்கம் அது. வாட் என்பது விளக்கு உண்ணும் மின்சாரம். லூமன் என்பது விளக்கு தரும் ஒளி. 60 வாட் குண்டு விளக்கு ஏறக்குறைய 700 லூமன் தந்தது. உண்ட மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாகக் கொட்டியது. அதே ஒளியை எட்டு வாட் எல்.இ.டி. விளக்கு தந்துவிடுகிறது. எனவே பெட்டியின்மேல் லூமன் எண்ணை முதலில் பாருங்கள். அதை வாட் எண்ணால் வகுத்தால் விளக்கின் திறன் தெரிந்துவிடும். ஐந்தாம் ஆண்டு மாணவர்கூடச் செய்யக்கூடிய கணக்கு.

எல்.இ.டி. சிவப்பிலும் பச்சையிலும் முன்பே இருந்தது. நீல நிறத்தில் பளிச்சென்று எரியும் எல்.இ.டி.யைச் செய்வதுதான் நெடுங்காலம் கைகூடவில்லை. நீலம் கிடைத்த பிறகே, அதன்மேல் மஞ்சள் ஒளிரும் பூச்சைத் தடவி வெண்ணிற ஒளியைப் பெற முடிந்தது. அந்த நீலத்தைக் கண்டளித்த இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் இயற்பியலுக்கான நோபெல் பரிசு கிடைத்தது. நம் நாட்டுக்கும் இதில் தொடர்புண்டு. 2017-இல் கெடா மாநிலத்துக் கூலிமில் ஓஸ்ராம் நிறுவனம் எல்.இ.டி. சில்லுத் தொழிற்சாலை ஒன்றைத் திறந்தது. மேலும், மலேசியாவில் 2013-ஆம் ஆண்டு மே மாதம் முதல் குளிர்பெட்டி, குளிரூட்டி, தொலைக்காட்சி, விசிறி ஆகியவற்றோடு விளக்குகளுக்கும் குறைந்தபட்ச ஆற்றல் திறன் அளவு சட்டப்படி விதிக்கப்பட்டது.

ஒளிர்குழலின் காலமும் முடியப் போகிறது. அதனுள் சிறிதளவு பாதரசம் இருப்பதே காரணம். 2023-இல் செனீவாவில் கூடிய மினமாட்டா உடன்பாட்டு நாடுகள், ஒளிர்குழல்களின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-க்குள் முடித்துக்கொள்வது என்று தீர்மானித்தன. பழைய குழல் வீட்டில் இருந்தால் உடைத்துக் குப்பையில் போடாதீர்கள். பிள்ளைகள் கைக்கு எட்டவிடாதீர்கள்.

துணிக்கடை கற்றுத் தந்த பாடம்

தங்காக் என்றால் பலருக்கும் நினைவு வருவது துணிக்கடைகள். தீபாவளிக்கும் திருமணத்துக்கும் வெளியூரிலிருந்துகூட வந்து துணி எடுப்பார்கள். அனுபவமுள்ள பெண்மணிகள் கடைக்குள் பார்த்த பட்டுத்துணியைக் கையில் எடுத்துக்கொண்டு கடையின் ஐந்தடிக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். உள்ளே கருநீலமாகத் தெரிந்தது வெளியே கறுப்பாக இருக்கும். அரக்கு என்று எடுத்தது பழுப்பாக இருக்கும். விளக்கின் ஒளி நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு ஓர் எண் இருக்கிறது. நிறங்காட்டும் திறன் என்று அதைச் சொல்லலாம். சூரிய ஒளிக்கு 100. மலிவான விளக்குகள் பலவற்றுக்கு 80 அளவில் இருக்கும். 90-க்கு மேற்பட்டவை சற்று விலை கூடியவை.

சமையலறையும் நிறம் பார்க்கும் இடந்தான். மீனின் செவுள் சிவப்பாக இருக்கிறதா, கோழி உள்ளே வெந்துவிட்டதா, வெங்காயம் பொன்னிறத்தைத் தாண்டிக் கருகுகிறதா என்பதையெல்லாம் கண்தான் சொல்ல வேண்டும். மலிவான எல்.இ.டி.யில் சிவப்பு மங்கிப்போகும். ஆகவே திண்டு விளக்குக்கு 90 என்று குறித்திருப்பதையே தேர்ந்தெடுத்தோம்.

ஒளியின் சாயலைக் கெல்வின் எண்ணால் குறிப்பார்கள். 2,700 அல்லது 3,000 என்றால் குண்டு விளக்கின் மஞ்சள் சாயல். 4,000 என்றால் இடைப்பட்ட வெண்மை. 6,500 என்றால் நீலம் கலந்த வெண்மை. நம்மூர்க் கடைகளில் பெரும்பாலும் 6,500-தான் முன்னால் அடுக்கியிருக்கும். "அதுதான் பிரகாசம், சிக்கு" என்று கடைத் தவுக்கே சொன்னார். லூமன் ஒன்றாக இருந்தால் ஒளியளவும் ஒன்றே. நீலச் சாயல் பளிச்சென்று தோன்றச் செய்கிறது, அவ்வளவுதான். அறுவை முடிந்த அம்மாவின் வலக்கண்ணுக்கு வெள்ளையெல்லாம் நீலம் போட்டு வெளுத்ததுபோல் தெரிகிறதாம். மஞ்சளித்த பழைய வில்லையை எடுத்துவிட்டுத் தெளிந்த வில்லையை வைப்பதால் அப்படித் தோன்றுவது இயல்பு என்று மருத்துவர் விளக்கினார். இடக்கண்ணோ இன்னும் மஞ்சளாகவே பார்க்கிறது. இரண்டுக்கும் பொதுவாக 4,000 பொருந்தியது.

கூட்டிக் குறைப்பதில் உள்ள சிக்கல்

ஒளியைக் கூட்டிக் குறைக்கும் குமிழை டிம்மர் என்கிறோம். எங்கள் கூடத்துச் சுவரில் முன்பிருந்தவர் வைத்த பழைய டிம்மர் ஒன்று உண்டு. வயர்மேன் அதில் ஒரு சாதாரண எல்.இ.டி. விளக்கை மாட்டிக் காட்டினார். குமிழைத் திருப்பியதும் விளக்கு துடித்தது. மேலும் திருப்பியதும் முற்றாக அணைந்தது.

காரணம் இதுதான். பழைய டிம்மர், மின்னலையின் ஒவ்வோர் அரையலையிலும் ஒரு பகுதியை வெட்டிவிடுகிறது. குண்டு விளக்கின் இழை சூடாகவே இருப்பதால் அந்த வெட்டு கண்ணுக்குத் தெரியாது. எல்.இ.டி.க்குள் ஒரு சிறு மின்னணுச் சுற்று இருக்கிறது. வெட்டுப்பட்ட அலையைப் புரிந்துகொள்ளும்படி அது செய்யப்பட்டிருந்தால் மட்டுமே ஒழுங்காகத் தணியும். மேலும், அத்தகைய டிம்மர்கள் ஒழுங்காக வேலை செய்யக் குறைந்த அளவு சுமை ஒன்று வேண்டும். 40 வாட் தேவைப்படும் டிம்மரில் ஏழு வாட் விளக்கு ஐந்தை மாட்டினாலும் 35 வாட்தான். எட்டாது. ஆகவே சுவர் டிம்மர் வைப்பவர்கள், தணிக்கக்கூடியது என்று பெட்டியில் எழுதியுள்ள விளக்கையும், எல்.இ.டி.க்கு உரிய டிம்மரையும் சேர்த்தே வாங்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பயனில்லை. விசிறிக்கு உரிய குமிழை விளக்குக்கு வைப்பது அறவே கூடாது.

எங்களுக்கு வயர்மேன் சொன்ன வழி எளியது. திண்டுக்கு மேலுள்ள அலமாரியின் அடிப்பக்கம், முன்விளிம்பை ஒட்டி, 1.2 மீட்டர் நீளமுள்ள எல்.இ.டி. பட்டை. அது 24 வோல்ட்டில் எரிவது. மொத்தம் 12 வாட். அலுமினியத் தடத்துக்குள் பதித்து மேலே பால்நிற மூடி போட்டாயிற்று. அலுமினியம் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. மூடி, புள்ளி புள்ளியாகத் தெரியாமல் ஒளியைப் பரப்புகிறது. எண்ணெய்ப் பிசுக்கை ஈரத்துணியால் துடைக்கவும் முடிகிறது. 230 வோல்ட்டை 24 வோல்ட்டாக மாற்றும் பெட்டியை அடுப்பின் சூடு படாத அலமாரி மூலையில் வைத்தோம். எல்.இ.டி. விளக்குகளில் முதலில் பழுதாவது பெரும்பாலும் அந்த மின்னணுப் பகுதிதான். சூடு அதற்கு எமன்.

டிம்மரை அந்தப் பெட்டிக்கும் பட்டைக்கும் நடுவில் வைத்தோம். அங்கே அலையை வெட்டும் சிக்கல் இல்லை. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுப்பதால் ஒளி சீராகத் தணிகிறது. தொலைக்கட்டுப்பாட்டுக் கருவியோடு வந்த வகையும் கடையில் இருந்தது. அம்மாவுக்கு அது ஒத்துவராது. விசிறிக் குமிழ் போல வட்டமாகத் திருப்பும் குமிழையே கேட்டு வாங்கினோம். கழுவுதொட்டிக்கும் அடுப்புக்கும் எட்டத்தில், ஈரக்கை படாத சுவரில் அது இருக்கிறது. நடுக்கூரையில் ஒளிர்குழலுக்குப் பதில் 18 வாட் எல்.இ.டி. குழல், அதற்குத் தனிச் சுவிட்சு.

மாட்டி முடித்துவிட்டு மறுபடியும் அளந்தேன். அதே பலகை, அதே இடத்தில் அம்மா. 450 லக்ஸ். நிழல் பின்னால் போய்விட்டது.

கணக்கைப் பார்ப்போம்

இனி மின்சாரக் கணக்கு. பழைய குழல் 36 வாட். அதன் சோக் உண்பதையும் சேர்த்தால் ஏறக்குறைய 46 வாட். நாளொன்றுக்கு ஆறு மணி நேரத்துக்கு 276 வாட்-மணி. இப்போது பட்டை ஆறு மணி நேரம், நடுவிளக்கு மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் 72-உம் 54-உம் சேர்ந்து 126 வாட்-மணி. மிச்சம் 150. ஆண்டுக்கு ஏறக்குறைய 55 யூனிட். 2025 ஜூலை முதல் தீபகற்பத்தில் மின்கட்டண அமைப்பு மாறியிருப்பதால் வீட்டுக்கு வீடு கணக்கு வேறுபடும். எளிமைக்காக யூனிட் 40 சென் என்று கொண்டால் ஆண்டுக்கு 22 வெள்ளி மிச்சம். பட்டையைத் தணித்து எரித்தால் இன்னும் சிறிது கூடும். ஏனெனில் எல்.இ.டி.யைத் தணிக்கும்போது மின்சாரமும் ஏறக்குறைய அதே விகிதத்தில் குறைகிறது.

பொருளும் கூலியும் சேர்த்து எங்களுக்கு 280 வெள்ளி செலவாயிற்று. வகுத்துப் பாருங்கள். போட்ட பணத்தை மின்கட்டணத்தில் எடுக்கப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். படுக்கையறைக் குளிரூட்டியை ஒரு மணி நேரம் குறைத்து ஓட்டினாலே இந்த விளக்கின் ஐந்து நாள் சேமிப்பு கிடைத்துவிடும். கட்டணம் குறைய வேண்டும் என்பது மட்டுமே ஒருவரின் நோக்கமானால் அவர் குளிரூட்டியிலிருந்து தொடங்குவதே அறிவுடைமை. வெறும் குழலை மட்டும் மாற்றுவோர்க்குச் செலவு மிகக் குறைவு. அவர்கள் போட்ட பணம் விரைவில் கைக்கு வரும்.

இதை ஏன் வெளிப்படையாக எழுதுகிறேன் என்றால், விளம்பரங்கள் எல்லாம் சேமிப்பைத்தான் பெரிதாகப் பேசுகின்றன. எங்கள் வீட்டில் அந்த 280 வெள்ளி வாங்கித் தந்தது வேறு. விளக்கு வந்து நான்கு மாதமாகிறது. அம்மா அதன்பின் விரலை வெட்டிக்கொள்ளவில்லை. அரிசியில் கல்லும் கீரையில் பூச்சியும் அவர் கண்ணுக்கே முதலில் படுகின்றன. தங்கை போன மாதம் வந்திருந்தபோது அம்மா நெத்திலி ஆய்வதைக் கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று பார்த்தாள். பிறகு அவளும் ஒரு மணைக்கட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அடுப்புப் பேச்சை எடுக்கவில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு

ஒன்று, விளக்கு வாங்குமுன் சமையல் செய்பவரை அவர் வழக்கமாக நிற்கும் இடத்தில் நிற்கச் சொல்லி, நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

இரண்டு, லூமன், நிறங்காட்டும் திறன், கெல்வின் மூன்றையும் பெட்டியில் படியுங்கள். சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்று, கைப்பேசிப் படக்கருவியை விளக்கின் பக்கம் திருப்புங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் அலைந்தால் அந்த விளக்கு துடிக்கிறது என்று பொருள். நெடுநேரம் அதன்கீழ் நிற்பவர்க்குத் தலைவலி வரக்கூடும்.

நான்கு, டிம்மர் வைக்க வசதியில்லாதோர் இரண்டு விளக்குகளை இரண்டு சுவிட்சில் வைத்தாலும் போதும். விடியற்காலைக்கு ஒன்று, வேலை நேரத்துக்கு இரண்டும்.

ஐந்து, கூரைக்குள் கம்பி இழுக்கும் வேலையை உரிமம் பெற்றவரிடம் விடுங்கள்.

ஆறு, பின்கட்டை நீட்டப் போகிறவர்கள் கூரையில் ஒளி புகும் தகடு ஒன்றிரண்டு வைக்கச் சொல்லுங்கள். பகல் வெளிச்சத்துக்குக் கட்டணம் இல்லை.

நம் ஒளியளவு பற்றிய உணர்வு நேர்கோட்டில் அமைவதில்லை. விளக்கை நான்கில் ஒரு பங்காகத் தணித்தால்தான் கண்ணுக்குப் பாதியாகக் குறைந்ததாகத் தெரியும். அதனால் இத்தனை விழுக்காடு வை என்று ஒருவர் மற்றவருக்குச் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் நான்கரை மணிக்குக் குமிழ் ஏறக்குறைய அடியில் இருக்கும். தேநீருக்கு வெந்நீர் வைக்க அவ்வளவு போதும். காய் நறுக்கும் நேரத்தில் அது மேலே ஏறியிருக்கும். திருப்புகிறவர் அம்மாதான்.

அடுத்த பதிவில் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கான கட்டுரைப் பயிற்சியோடு சந்திக்கிறேன்.